ஸ்டீயரிங்கை மாற்றச் சொன்ன சத்தமும் காலடிப்பேட்டை சலீம் பாயும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை காரில் போய் வந்தோம். போக வர எண்பத்தைந்து கிலோமீட்டர். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். என் காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அன்று சாயங்காலத்துக்குள் புரோக்கருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் லடாக் போய் வந்தவர்கள் எழுதுகிற அளவுக்கு எழுத எனக்கும் விஷயம் இருக்கிறது.

முதலில் கார். பன்னிரண்டு வருடப் பழைய சின்ன வண்டி. முப்பத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, என் சொந்தக் காசில், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதில் தனியாகப் பாண்டிச்சேரி போயிருக்கிறேன். மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி மகாபலிபுரத்தில் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு அதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. வளைவில் திரும்பினால் 'டொக்'. மறுபக்கம் திரும்பினால் இன்னொரு 'டொக்'. எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில், கண்ணாடி அறையில் உட்கார வைத்து டீ எல்லாம் கொடுத்து, ஸ்டீயரிங் அசெம்பிளி மொத்தமும் போச்சு என்றார்கள். ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய். அப்படியே ஓட்டினால் ஆபத்து என்று ஒரு பயத்தையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் சேகருக்கு அந்த ஆபத்து என்ற சொல் போதும். அன்றிலிருந்து என்னை ஸ்டீயரிங் பக்கம் அண்ட விடவில்லை. வண்டியே எழுபத்தைந்தாயிரத்துக்குத்தான் போகும், அதற்கு யாராவது ஐம்பத்தெட்டு செலவு செய்வார்களா என்று புரோக்கரையும் பிடித்துவிட்டார். அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் இந்த வண்டி போனால் இன்னொன்று வாங்குவோமா? வாங்க மாட்டோம். அவருடைய ஆபீஸ் காரில் இடது பக்கம் உட்கார்ந்து, எங்கே போகணும், எப்ப வரணும் என்று அவரைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. விற்பதற்கு முன்னால் இன்னும் ஒருத்தராவது பார்க்கட்டும் என்று சண்டை போட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கினேன்.

மெக்கானிக் தேட ஏன் வடசென்னை என்றால், துறைமுகத்துக்கு லாரி ஓடுகிற ஊர். வண்டி ஒரு நாள் நின்றால் சோறு நின்றுவிடும் என்கிற ஆட்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் டீ கொடுத்து ஏமாற்ற முடியாது என்பது என் கணக்கு. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். ஓட்டியது இவர்தான். கத்திப்பாரா, கடற்கரைச் சாலை, பாரிமுனை வழியாக ராயபுரம் இருபத்தைந்து கிலோமீட்டர், ஞாயிறு என்பதால் ஐம்பது நிமிடத்தில் வந்துவிட்டோம். ராயபுரம் பாலம் தாண்டியதும் ஒரு சின்னக் கடையில் இட்லியும் வடகறியும். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய். அந்த வடகறிக்காகவே இன்னொரு தடவை வண்டி ரிப்பேர் ஆகலாம்.

ராயபுரத்தில் முதலில் கண்ணில் பட்ட ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினோம். அந்த ஆள் வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. பானட்டைத் தூக்கினார், "ச்சு ச்சு" என்றார், இன்ஜின் இறக்கணும் என்றார். ஸ்டீயரிங் நோயோடு போனவளுக்கு இன்ஜின் நோயும் சேர்ந்தது. "போதுமா?" என்று இவர் என்னைப் பார்த்தார். போதாது என்று காசிமேட்டுக்கு விடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேடு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்கள் நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். மீன் கூடைகள் ஏற்றிக்கொண்டு வரிசையாகக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டிகள் நின்றன. ஒரு டிரைவரிடம் போய், இங்கே நல்ல மெக்கானிக் யாருங்க என்று கேட்டேன்.

"எல்லாரும் நல்ல மெக்கானிக்தான்கா. யார சொல்றது?" என்றார்.

சரி, கேள்வி சரியில்லை என்று புரிந்தது. "உங்க வண்டிய எங்க விடுவீங்க?" என்று மாற்றிக் கேட்டேன்.

"நம்ம வண்டியா? அது காலடிப்பேட்டை சலீம் பாய் கைலதான். வேற எவனையும் தொட வுட மாட்டேன். கொஞ்சம் வாயி ஜாஸ்தி. ஆனா துட்டு புடுங்க மாட்டாரு."

பக்கத்து வண்டிக்காரரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் பாய் பெயரைத்தான் சொன்னார், அந்த வாய் விஷயம் உட்பட. காசிமேட்டிலிருந்து வடக்கே ஆறு கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். ஒன்பது மணிக்குக் காலடிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த ஷெட்டைக் கண்டுபிடித்தோம். சலீம் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். ஷெட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதைவிடச் சத்தமாக அவர் பாடிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா கம்ப்ளைண்டு?"

சொன்னேன். ஐம்பத்தெட்டாயிரம் என்றதும் பாட்டை நிறுத்தினார். "ஸ்டேரிங் போச்சுன்னு சொன்னவன் வண்டிய ஓட்டிப் பாத்தானா?"

யோசித்துப் பார்த்தேன். ஓட்டவில்லை. வண்டியை மேலே தூக்கிப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரில் எதையோ அடித்தார்கள், ஓட்டவே இல்லை. இது எனக்கு அப்போது உறைக்காமல் போனதே என்று எரிச்சலாக இருந்தது.

"குந்து நைனா, ஒரு ரவுண்டு பூட்டு வருவோம்" என்று இவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, சந்தில் போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போதே முகத்தில் வெற்றிச் சிரிப்பு. "லெப்ட் வீல்ல கீது மா. பத்தே நிமிசம். அவுத்துப் போட்டு காட்றேன் பாரு. இந்த ஏரியாவுல என் காத அடிச்சிக்க ஆளே இல்ல."

பத்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆயிற்று. வீலைக் கழற்றினார், ஆட்டினார், கம்பி போட்டு நெம்பினார், கீழே படுத்துப் பார்த்தார். பாட்டு சுருதி இறங்கிக்கொண்டே வந்து நின்றேவிட்டது. சேகர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரோக்கருக்கு மெசேஜ் போடுகிறாரோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் பாய் எழுந்து வந்தார். இந்த மனுஷன் இப்போது எதையாவது ஒன்றை மாற்றணும் என்று சொல்லித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"என் தப்பு மா. வீலு ஷோக்கா கீது. ஸ்டேரிங்கும் ஷோக்கா கீது. சத்தம் எங்கேந்து வருதுன்னு சத்தியமா எனக்குத் தெர்ல" என்றார்.

"எதாவது மாத்திப் பாக்கலாமா?" என்று கேட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

"தெரியாம மாத்திகினே போனா வண்டி மொத்தமும் புதுசா ஆயிடும். சத்தம் மட்டும் அப்டியே இருக்கும். இரு, நீ இன்னும் கேக்கவே இல்லையே? வா."

எனக்குப் புரியவில்லை. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? அதற்கு அவர் சொன்னது: "வண்டிக்குள்ள குந்திகினு கேட்டா எல்லா சத்தமும் ஸ்டேரிங்லதான் கேக்கும். நாளெல்லாம் அந்த வண்டியோட கீறது நீ. புதுசா எதுனா சத்தம் வந்தா உன் காதுக்குத்தான் தெரியும். நா ஓட்றேன், நீ வெளிய நின்னு கேளு." லாரிக்காரர்கள் வந்தாலும் அவர் இப்படித்தானாம். வண்டியைப் பாய் ஓட்ட, லாரி டிரைவர் கூடவே நடந்து வர வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்குமாம்.

வீலை மாட்டி மூன்று பேரும் கிளம்பினோம். ஒரு கிலோமீட்டர் தள்ளி, கடலரிப்புக்குப் பாறாங்கல் கொட்டியிருக்கிற இடத்தை ஒட்டி ஒரு காலி மனை. பாய் என் வண்டியை அதில் வட்டமடித்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். முதல் வட்டத்தில் அலைச் சத்தம்தான் கேட்டது. இரண்டாவதில் டொக். சத்தியமாகச் சொல்கிறேன், அது சக்கரத்திலிருந்து வரவில்லை. இடுப்புக்கு மேலே எங்கிருந்தோ வந்தது. மூன்றாவது வட்டத்தில் பானட் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டே ஓடினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என்னமோ உருண்டது கையில் தெரிந்தது.

"வைப்பர்கிட்ட! வைப்பர்கிட்ட உருளுது பாய்!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் பிரேக் அடித்து நிறுத்தினார்.

வைப்பருக்குக் கீழே இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே தகரத் தொட்டி மாதிரி ஒரு பள்ளம். அதன் மூலையில், கொட்டைப் பாக்கைவிடப் பெரிதாக, கறுத்துக் காய்ந்து கல்லாகிப்போன ஓர் எலுமிச்சம்பழம். ஒரு பக்கத்தில் குங்குமம் கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் அதையே பார்த்தோம். பிறகு நான் மெதுவாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, பானட்டைத் திறந்து இன்ஜினுக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவர். டயருக்கு அடியில் வைத்த நாலும் நசுங்கின. இன்ஜினுக்கு வைத்தது என்ன ஆயிற்று என்று யாரும் தேடவில்லை. உருண்டு இந்த வைப்பர் பள்ளத்துக்குள் போய், இன்ஜின் சூட்டில் மூன்று மாதம் காய்ந்து, பொங்கலுக்கு மேல் பேச ஆரம்பித்திருக்கிறது.

"கண்ணு படக் கூடாதுன்னுதானே வெச்சேன்" என்றார் சேகர், எங்கோ கடலைப் பார்த்துக்கொண்டு.

பாய் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறாங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். வலைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தது. ஆனால் அந்தப் பழத்தை மட்டும் பாய் தொடவில்லை. "இது சாமிக்கு வெச்சது. நா எடுத்து கடாச மாட்டேன். நீயே எடுத்துக்க மா" என்றார். எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, கடலில் விட்டேன்.

வீல் கழற்றியதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "அது என் காது பண்ண தப்பு, அதுக்கு நீ ஏன் துட்டு குடுக்கணும்?" மூடியில் உடைந்த கிளிப்புகளுக்கும் வேலைக்கும் சேர்த்து இருநூறு ரூபாய். "எண்ணூர் வரிக்கும் நல்லா வளைச்சி ஓட்டிப் பாரு. சத்தம் வந்தா திரும்பி வா."

நான் டிரைவர் பக்கம் போய் ஏறினேன். சேகர் தானாகவே இடது பக்கம் போய் உட்கார்ந்தார். எண்ணூர் விரைவுச் சாலையில் எட்டு கிலோமீட்டர், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே என் சின்ன வண்டி. வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டினேன். ஒரு சத்தம் இல்லை. இந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, அந்தப் பக்கம் கடல், காற்றில் மணலி எண்ணெய் ஆலை வாடை, எனக்கு எல்லாமே அழகாக இருந்தது. கொசஸ்தலையாறு கடலில் சேருகிற முகத்துவாரம் வரை போய், ஒரு வீட்டுக் கடையில் இறால் தொக்கோடு சாப்பாடு. ஆளுக்கு நூற்றெண்பது.

இந்தப் பக்கம் வண்டியோடு வரப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பாய்மார் ஷெட்டுகள் பலவும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு மத்தியானம் வரை திறந்திருக்கும். லாரி நெரிசலுக்கு முன்னால், எட்டு மணிக்குள் ராயபுரம் தாண்டிவிடுங்கள். நல்ல மெக்கானிக் யார் என்று கேட்காதீர்கள், உங்கள் வண்டியை எங்கே விடுவீர்கள் என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பெரிய செலவு என்றால் இன்னொரு இடத்திலும் காட்டுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரியவில்லை என்று ஒரு மெக்கானிக் வாய்விட்டுச் சொன்னால், அவர் நம்பரைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு வாய் பேசுகிற சலீம் பாய் அன்று பேசியதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் 'தெர்ல'தான்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். பாரிமுனைக்குப் பக்கத்தில் வரும்போது இவருடைய போன் அடித்தது. புரோக்கர். ஸ்பீக்கரில் போட்டார். "சார், பார்ட்டி ரெடியா இருக்கு. இன்னும் ஐயாயிரம் சேத்துக் கேட்டு வாங்கித் தரேன். முடிச்சிரலாமா?"

எண்பதாயிரம். நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வண்டி என்னுது இல்லீங்க, அவங்களுது" என்றார் சேகர். "அவங்ககிட்டதான் கேக்கணும்."

"அப்ப மேடத்துகிட்ட குடுங்க சார், நானே பேசுறேன்."

"இப்ப முடியாதுங்க" என்றார் இவர். "அவங்க வண்டி ஓட்டிட்டிருக்காங்க."