வளைவில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி

எண்பதுகளின் நடுவில் டாவோஸுக்குக் கீழே ஒரு மலைக்கிராமத்தில் இருந்தேன். பகல் பதினொரு மணிக்கு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவப் போக வேண்டும். அதுவரை எனக்கு ஒரே ஒரு வேலைதான்: தெரு வளைவில் தபால் வண்டிக்காகக் காத்து நிற்பது.

ஐந்து வீடுகளின் கடிதப் பெட்டிகள் அந்த வளைவில் ஒரே பலகையில் வரிசையாக இருந்தன. காலையில் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறிவந்து தெருவை மூடிவிடும். முதலில் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் கலங்கும், மெல்ல வண்டியாகும், தபால்காரர் இறங்குவார். அரைத்தூக்கத்தில் நிற்கும் எனக்கு, அவர் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வருகிறார் என்றுதான் தோன்றும்.

அங்கே என் மனைவியும், நான் இன்னும் பார்த்திராத மகளும் இருந்தார்கள். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. ஊரில் ஷெல் விழுகிறது என்ற செய்தி மட்டும் யார் யார் வாயாலோ வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசல் படலைக்கு ஓடிப்போய்க் கடிதத்தைக் கையில் வாங்குவோம். வெயிலில் வந்த மனிதரை ஒரு தேத்தண்ணியாவது கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். பெட்டிக்குள் கிடக்கும் கடிதம் எனக்கு யாரோ தவறவிட்டுப் போனது மாதிரி. அதனால் இஞ்சி போட்ட பால்தேத்தண்ணியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு நிற்பேன். முதல் நாள் தபால்காரர் திகைத்தார். இரண்டாம் நாள் குடித்தார். மூன்றாம் நாள் இன்ஜினையே நிறுத்திவிட்டார். கடிதம் இல்லையென்றால் கையை விரித்துக் காட்டுவார். பிறகு, என் மனம் ஆறட்டும் என்று இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

வண்டியில் பாதி தெருவில் நிற்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஒரு காலை முகிலுக்குள்ளிருந்து பால் லொறி வந்தது. சாரதி வெட்டித் திருப்பினார். லொறி மஞ்சள் வண்டியின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. தேத்தண்ணி முழுவதும் என் கால் சப்பாத்தில்.

இரண்டு கிழமையில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் என்று கிராமசபை அறிவித்தது. பெட்டிகளை எல்லாம் கீழே மரம் அரியும் ஆலையடிக்கு மாற்றலாமா என்று ஐந்து வீட்டாரிடமும் கேட்கப் போகிறார்களாம். வண்டி மேலே எல்லாம் முடித்துத் திரும்பி ஆலையடிக்கு வரும் நேரம் நான் குசினியில் நிற்பேன். மனைவியின் கடிதம் வந்தால் இரவுவரை இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும். கூட்டத்துக்கு நானும் போவதென்று முடிவுசெய்தேன்.

"வாயைத் திறவாதை. உன்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை," என்றார் என் அறையில் இருந்த அண்ணை.

கூட்டத்தன்று பின்வரிசை மர வாங்கில் ஒடுங்கி இருந்தேன். வளைவு பொல்லாதது, முகில் பொல்லாதது என்று கதைத்தார்கள். ஏன் அவ்வளவு நேரம் வண்டியை நிறுத்தினீர்கள் என்று தலைவர் தபால்காரரைக் கேட்டார். கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன் என்று அவர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. எழுந்து, அவர்களுடைய டொச் மொழியில் தெரிந்த நாலு சொல்லைக் கூட்டிப் பொறுக்கிச் சொன்னேன்.

"அவரிலை பிழை இல்லை. நான்தான் தேத்தண்ணி குடுத்து மறிச்சனான்."

பிறகு, ஊன்றுகோலோடு நடக்கும் பக்கத்து வீட்டு அம்மா, தானும் அவரை மறித்துக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிவரச் சொல்வதுண்டு என்றார். இன்னொருவர், நாய்க்கு மருந்து கொடுக்கும்போது வாயைப் பிடித்துத் தருவது அவர்தான் என்றார். தபால்காரருக்குக் காது சிவந்துவிட்டது. ஐந்து வீடும் சேர்ந்துதான் அந்த மனிதரைத் தெருவில் மறித்து வைத்திருந்திருக்கிறோம்.

பெட்டிகள் ஆலையடிக்குப் போகவில்லை. வளைவு தாண்டி, வைக்கோல் கொட்டிலுக்குப் பக்கத்தில் மேட்டை வெட்டி, ஒரு வண்டி முழுதாக ஒதுங்க இடம் செய்து, பெட்டிகளையும் அங்கே வைப்பதென்று கையுயர்த்தி முடிவெடுத்தார்கள். கையுயர்த்தும் உரிமை எனக்கு இல்லை. அடுத்த சனிக்கிழமை மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

பெட்டிகள் மாறி ஒரு பத்து நாள் இருக்கும். மஞ்சள் வண்டி முகிலுக்குள்ளிருந்து வந்து ஓரமாக ஒதுங்கியது. தபால்காரர் கையை விரிக்கவில்லை. கையில் நீல நிற வான்கடிதம் இருந்தது. மனைவியின் எழுத்து. கோப்பையை அவரிடம் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினேன். பிரிக்கப் பயமாக இருந்தது.

முந்தின இடமென்றால் இந்த நேரம் அவர் புறப்பட்டிருக்க வேண்டும். இங்கே பின்னால் எந்த லொறியும் வராது. வண்டிப் படியில் இருந்துகொண்டார். நான் மெல்ல மடிப்பைக் கிழித்து, இரண்டு பக்கத்தையும் வாசித்து, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். இரண்டு பேரும் சுகம். மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையில் தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போய், கொடுத்தபடியே இருந்தது.

"ஓம், சுகம்," என்றேன், தமிழிலேயே.

அதற்குப் பிறகுதான் குடித்தார்.