மருதாணிக் கையும் வீடியோ காலும்

இன்னைக்கு சேலையூர்ல ஒரு பார்லர்ல மருதாணி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் எங்க தெரு ஃபாத்திமா அக்கா. அவங்களுக்கும் ரெண்டு கையிலும் ஈர மருதாணி.

குவைத்திலிருந்து அவங்க வீட்டுக்காரர் வீடியோ கால் பண்ணினார். அக்கா குனிஞ்சு, எடுக்கறதுக்காக மூக்கால் திரையைத் தள்ளினாங்க. கட் ஆயிடுச்சு.

நான் ஆப் டிசைனர். 'திரையைத் தொட குச்சிப் பேனா வேண்டாம், விரல் போதும்'னு பட்டனைப் பெரிசா வரையறதுதான் என் வேலை.

மறுபடி கால் வந்தது. என் ஆள்காட்டி விரலைத் துப்பட்டாவில் துடைச்சுட்டு, நானே கால் அட்டெண்ட் பண்ணிக் கொடுத்தேன். போனையும் நானே பிடிச்சுக்கிட்டேன்.

"கோவமா? கட் பண்ணிட்டியே."

"இல்லைங்க, கையில மருதாணி."

"காட்டு."

அக்கா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாங்க. அவர் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"நான் வர்ற வரைக்கும் இந்தக் கலர் இருக்குமா?"

"அதுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்குங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா கால் முடிஞ்சும் போன் பக்கம் நீட்டின கையை இறக்கவே இல்லை.

போனைப் பிடிச்சதுல எனக்கு ஒரு கை டிசைன் போச்சு, பரவாயில்லை. தொட்டா போதும்னு நாங்க பண்ற ஆப்ல எல்லாம் கடைசியில் தொடறது போன் கண்ணாடியைத்தான், ஆளை இல்லை. இதுக்கு யார்கிட்டயாவது ஒரு டிசைன் இருந்தா கமென்ட்ல சொல்லுங்க.