மயில் பள்ளமும் ஒரு மரக்கால் கம்பும்

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் மயில் பள்ளத்துக்கு நானும் என் மனைவியும் போய் வந்தோம். ஊர் சுற்றும் ஆசையில் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனி மாதம் எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல். இறங்கினால் முருகனுடைய மயில்களுக்கு ஒரு மரக்கால் அளவு கம்பு தானியம் போடுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கியது. இரண்டு நாளில் திரும்ப ஏறியது. அந்த வாரமே குழந்தை போய்விட்டது.

என்னைக் கேட்டால் அந்த வேண்டுதல் அதோடு செத்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சாமி கம்பு கேட்கும்? அவளிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு நாள் எறக்கிக் குடுத்தான்ல. அந்த ரெண்டு நாளும் வாய் திறந்து கஞ்சி கேட்டுக் குடிச்சா. அதுக்குப் போட்டுட்டு வந்துருவோம்" என்றாள். கிளம்பினோம்.

புதுக்கோட்டையிலிருந்து காலை ஆறேகால் பஸ். இலுப்பூர் வழியாக இருபத்தைந்து மைல், ஆளுக்குப் பதிமூன்று அணா. இலுப்பூரில் கால் மணி நேரம் நிற்கும். காபி கிடைக்கும், நல்ல காபி கிடைக்காது. கண்டக்டர் கம்பு மூட்டையை மேலே போடச் சொன்னார். அவள் கடைசிவரை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

விராலிமலை மலைமேலேயே மயில்கள் உண்டு. ஆனால் அங்கே தானியம் போட்டால் மயில் வாய்க்குப் போகாது. "மூட்டைய அவுக்குறதுக்குள்ள கொரங்கு புடுங்கிரும் சார். வேண்டுதல்காரவங்க எல்லாம் பள்ளத்துக்குத்தான் போவாங்க" என்றார் வண்டிக்காரர். ஒற்றை மாட்டு வண்டி, போக நாலு மைல், திரும்பி வருவதற்கும் சேர்த்து இரண்டு ரூபாய். பாதை முழுக்கக் கல். இடுப்பு வலி உள்ளவர்கள் நடந்துவிடுவது மேல்.

பள்ளம் என்றால் சும்மா பள்ளம் இல்லை. மழைக்காலத்துக் காட்டாறு செம்மண்ணையும் அடியிலிருக்கும் பாறையையும் அறுத்து அறுத்து, நாலு ஆள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. சமஸ்தானக் காலத்தில் மகாராஜா வேட்டைக்கு வந்த காடு என்கிறார்கள். சமஸ்தானம் போன பிறகு கரைமேல் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இறங்க முடியாத இடத்தில் மட்டும் மரம் நிற்கிறது. ஈர மணலில் பன்றித் தடம் பார்த்தோம். ஒரு நரி எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. மேகம் கவிந்து, பகல் பத்து மணிக்கே உள்ளே இருட்டாக இருந்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

கரையில் ஒரு தட்டைப் பாறை. எல்லாரும் தானியம் போடுவது அதில்தான். அதை ஒட்டியே ஒரு கம்புக்கொல்லை. கதிர் பால் பிடித்து நின்றது. என் மனைவி மூட்டையை அவிழ்க்கும்போது கொல்லைக்காரம்மாள் கையில் மண்ணெண்ணெய் டின்னும் குச்சியுமாக ஓடி வந்தார்.

"ஆத்தா, ஒங்க கால்ல விழுறேன், இங்க போடாதீங்க. நீங்க ஒரு மரக்கா போடுவீங்க, அதத் தின்னுட்டு அப்படியே என் கொல்லைக்குள்ள எறங்கிரும். முருகன் வாகனம், கல்லெடுத்து எறிய முடியுமா? டின்னத்தான் தட்டிக்கிட்டுக் கெடக்கேன். இந்தக் கம்ப விட்டா இந்த வருசம் எங்களுக்குக் கஞ்சியில்ல."

என் மனைவிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இந்தச் சாக்கில் திரும்பிவிடலாம். அப்போதுதான் அந்த அம்மாள் கேட்டார்: "யாருக்கு வேண்டுதலு? புள்ளைக்கா? இப்ப நல்லாருக்கா?"

"இல்ல" என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு டின்னைக் கீழே வைத்துவிட்டார்.

"போடுங்க ஆத்தா. நான் இன்னிக்குத் தட்டல."

"வேணாம். ஒங்க கம்பு..."

"போட்டுட்டுப் போங்கன்னா. இதையுமா சொமந்துக்கிட்டு வீட்டுக்குப் போவீங்க?"

அவள் போட்டாள். பிடி பிடியாக, கீழே குனிந்து, ஊட்டிவிடுகிற மாதிரி போட்டாள். பள்ளத்திலிருந்து மயில்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. பாறையைத் துடைத்துவிட்டுக் கொல்லைக்குள் நுழைந்தன. கதிர்கள் மடங்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. டின்னையும் குச்சியையும் எடுத்தேன். கொல்லைக்குள் ஓடி, கை கொண்ட மட்டும் அடித்தேன். "போ! தின்னது போதாதா? போ!" என்று கத்தினேன். மயில்களைப் பார்த்துத்தான் கத்தினேனா, எனக்கே தெரியாது. அழுதுகொண்டிருந்தேன்.

"எல்லாம் போயிருச்சுய்யா, விடுங்க" என்று அந்த அம்மாள் சொன்ன பிறகும் என் கை நிற்கவில்லை. என் மனைவி வந்துதான் குச்சியை வாங்கினாள்.

தென்கரையில் இன்னொரு பாறை இருக்கிறதாம். அங்கே வயல் கிடையாதாம். திரும்பும்போது வண்டிக்காரர் சாவகாசமாகச் சொன்னார். "சுத்துப்பாதைங்க, மாடு தாங்காதுன்னுதான் சொல்லல." அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். போகிறவர்கள் ஒரு ரூபாய் கூடக் கொடுத்துத் தென்கரைக்கே போங்கள். கம்பு அறுப்பு முடிந்த பிறகு போனால் இன்னும் நல்லது. தண்ணீர் கொண்டு போங்கள். மாலை நாலரைக்கு விராலிமலையிலிருந்து பஸ். அதை விட்டால் ராத்திரிதான்.

எழுதியதை என் மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "பஸ் நேரமெல்லாம் எழுதியிருக்கீங்க. அவ பேரை எழுதலையே?" என்றாள்.

வள்ளியம்மை. நாலு வயது.