பட்டிக் கதவில் ஒரு பொய்

பதுளையில் தெருவில் திரியும் கட்டாக்காலி மாடுகளை அடைக்கும் பட்டியில் நான் காவல்காரனாக இருந்தேன். உடையவர் கதவில் நின்று மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்; அது வந்தால் ஓட்டிப் போகலாம். மாலைவரை ஆள் வராத மாடு கசாப்புக்குப் போய்விடும்.

அன்று சந்தை நாள். பட்டி நிறைய மாடுகள், வாசல் நிறைய ஆட்கள். தண்ணீர் குடிக்கவும் எனக்கு நேரமில்லை. கண் தெரியாத ஒரு கிழப்பசுவை மட்டும் யாருமே கேட்கவில்லை.

பொழுது சாயும்போது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தாள்.

"லெச்சுமி!" என்று கூப்பிட்டுக் கையை நீட்டினாள். கையில் உப்பு. பசு தட்டுத்தடுமாறி வந்து நக்கியது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "பால் கறக்குற வரைக்கும் வச்சிருந்துட்டு, கண்ணு போனதும் தொரத்தி விட்டியா? நீயெல்லாம் மனுசியா?" என்று எல்லோரும் கேட்கக் கத்தினேன்.

"தப்புத்தாங்க ஐயா. இனிமே விடமாட்டேன்," என்று தலைகுனிந்து பசுவை ஓட்டிப் போனாள்.

தன் எருதைத் தேடி வந்திருந்த அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டு வண்டிக்காரர் என்னிடம் சொன்னார்: "அவளுக்கு ஏதுங்க மாடு? காலையில நீங்க ரோட்டுல அந்தப் பசுவ இழுத்துட்டுப் போறதப் பார்த்தா. சாயந்தரம் கொழுந்து எட போட்டதும் ஓடியாந்துட்டா."

என் வசவு அத்தனையும் முகம் தெரியாத எவனுக்கோ உரியது. அவள் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் பசு கசாப்புக்குப் போயிருக்கும்.

அடுத்த சந்தை நாளில் ஒரு நொண்டி எருது ஆளில்லாமல் நின்றது. பொழுது சாயுமுன் உப்பை அள்ளிக்கொண்டு நானே கதவுக்கு வெளியே போய் நின்றேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்றுதான் கொஞ்சநேரம் தெரியவில்லை.