பெல்சி டீச்சர் வாசிக்காத பக்கம்

பெல்சி டீச்சருக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. உடம்பு ஓரிடத்தில் இருக்கும், மனசு எங்கேயாவது மேயப் போய்விடும். கோயிலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டே மனசுக்குள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துவிடுவாள். "ஒன்னையக் கட்டி இருவத்தாறு வருசமாச்சு. இன்னும் நீ வீடு வந்து சேரலையே" என்று வீட்டுக்காரர் ஜோசப் ராஜ் கேலி பண்ணுவார். அவர் விளையாட்டாகச் சொல்வதுதான். அவளுக்கு மட்டும் சுருக்கென்று தைக்கும், ஏனென்றால் அது உண்மை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்து, போனில் பதிவு பண்ணி அனுப்புகிற வேலையை மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆரம்பத்திலேயே மானம் போயிற்று. பானிபட் போரில் குதிரைப்படை பாய்ந்து வரும் இடத்தில், "துவரம்பருப்பு தீந்துபோச்சு" என்று அவள் குரலே சொல்லியிருந்தது. சிவகங்கையில் பி.ஏ. வரலாறு படிக்கும் சிவரஞ்சனி போன் பண்ணி, "டீச்சர், பாபரு எப்ப பலசரக்குக் கடைக்குப் போனாரு?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பெல்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று வந்தவள், வாசிக்கும்போது அங்கே இல்லவே இல்லை.

அதிலிருந்துதான் இடத்தை மாற்றினாள், சடங்கும் பிறந்தது. காரைக்குடியில் அவள் வீடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது, ஹாரன் சத்தத்தில் யானை பிளிறினாலும் கேட்காது. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கும் கருத்தையாவின் மகள் அவளிடம் படித்தவள். வீட்டுக்காரர்கள் கல்யாணம் காட்சிக்குத்தான் வருவார்கள். அவர்களிடம் போனில் கேட்டு, முற்றத்தைத் தாண்டிய இரண்டாம் கட்டுக்குள் ஓர் உள்ளறையைக் கருத்தையா திறந்துவிட்டார். சுவர் அத்தனை கனம், தெருவில் வெடி வெடித்தாலும் உள்ளே வராது.

செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போவாள். செருப்பை வெளியே விடுவாள், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து, குளிர்ச்சி முழங்கைக்கு ஏறும்வரை நிற்பாள். பிறகு வாய்விட்டுச் சொல்லுவாள்: "நான் பெல்சி. இன்னைக்குச் செவ்வாக்கெழம. இந்த ரூமுக்குள்ள நான் மட்டுந்தான் இருக்கேன்." அதற்கப்புறம் மனசு அசையாது. ஐம்பது வயசில், முழுசாக ஓரிடத்தில் இருப்பது என்றால் என்னவென்று அங்கேதான் கண்டுகொண்டாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுடையது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அது தவறியது. அம்மா சந்தனமேரியை சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பாடத்தை அனுப்பாமல் இருக்கவும் முடியாது. சிவரஞ்சனிக்கு அரியர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் பி.எட். கனவு அவ்வளவுதான். பெல்சி செருப்போடு உள்ளே போய் உட்கார்ந்து கடகடவென்று வாசித்தாள். வாய் வாசித்தது, மனசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது. நூலகத்துப் புத்தகத்தில் ஒரு தாளை யாரோ கிழித்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை அப்புறம் அனுப்புகிறேன் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லியிருந்தாள். முடித்ததும் பதிவைத் திருப்பிக்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவரஞ்சனி கூப்பிட்டாள். "டீச்சர், இப்புடி நீங்க ஒருநாளும் வாசிச்சதில்ல. ஒரு தடவதான் கேட்டேன், அப்புடியே மனசுல நிக்கிது. ஆமா, கிழிஞ்ச பக்கம் எங்குட்டுக் கெடச்சுச்சு?"

"எந்தப் பக்கம்?"

"பர்மாவுல குண்டு போட்டப்ப சனங்க நடந்தே ஊருக்கு வந்தாகளே, அந்தப் பக்கந்தான். அந்த எடத்துல ஒங்க குரலு கம்மிப்போச்சு, டீச்சர்."

பெல்சி இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அவள் குரல்தான். கிழிந்த தாளுக்கு முந்தின வரி முடிந்ததும் மூச்சுவிடும் நேரம்கூட இல்லாமல், கிழிந்துபோன பக்கமே தொடங்கியது. நாலு நிமிஷம் அது ஓடியது. இன்னொரு டீச்சரிடமிருந்து அந்தப் பக்கத்தின் போட்டோவை வாங்கி வைத்து ஒத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. பக்கத்தின் கடைசியில் மட்டும் புத்தகத்தில் இல்லாத ஒரு வரி, அவள் குரலிலேயே, தணிந்து வந்தது: "எங்க வீட்டுல அவுக வரவே இல்ல." பெல்சி இயர்போனைப் பிடுங்கிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கருத்தையாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். அவர் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ரூமுல ஒரு ஆச்சி இருந்தாகளாம், டீச்சர். சின்ன வயசு. நல்லாப் படிப்பாகளாம். ரங்கூன் கடுதாசி வந்தா தெருவே இங்குட்டு வந்துருமாம், எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவாகளாம். அவுகளுக்குன்னு மட்டும் ஒரு கடுதாசியும் வரல, ரங்கூன் போன வீட்டுக்காரரும் வரல. ஏன், எதையும் பாத்தீகளா?"

"இல்லண்ணே" என்றாள். பொய்யும் இல்லை, அவள் எதையும் பார்க்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு பாடம் பாக்கி. "அன்னைக்கு வாசிச்ச மாதிரியே வாசிங்க, டீச்சர்" என்று சிவரஞ்சனி கெஞ்சியிருந்தாள். பயத்தைவிடப் பெரிசாக ஒன்று பெல்சியின் நெஞ்சை அடைத்தது. பொறாமைதான், வேறென்ன? மூன்று வருஷம் மனசைக் கட்டி இழுத்து வாசித்ததற்கு வராத பாராட்டு, அவள் அங்கே இல்லாத அன்றைக்கு வந்திருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று இன்னொருத்தி வாசிப்புக்குத் தான் பேர் வாங்குவதா? பிள்ளைக்குப் பிடித்ததை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விட்டுக்கொடுத்தால் தனக்கென்று இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அவளால் முடியவில்லை.

அன்றைக்குச் சடங்கை ஒன்றுக்கு இரண்டாகச் செய்தாள். சுவரில் கை மரத்துப்போகும்வரை நின்றாள். "நான் மட்டுந்தான் இருக்கேன்" என்பதை, வகுப்பில் அதட்டுகிற குரலில் மூன்று தடவை சொன்னாள். பிறகு வாசித்தாள். ஒரு சொல்லைக்கூட நழுவவிடவில்லை. அவள் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை கேட்டாள், மூச்சுச் சத்தம்கூடச் சுத்தமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாக அனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் சிவரஞ்சனி கூப்பிட்டாள். வழக்கமாகப் படபடவென்று பேசுகிற பிள்ளை, அன்றைக்குச் சொல்லைத் தேடித் தேடிப் பேசினாள்.

"நல்லாருக்கு, டீச்சர். எல்லாம் வெளங்கிருச்சு. நீங்கதான் வாசிச்சீகன்னும் தெரியிது."

"அப்பறம் ஏன் குரலு ஒரு மாதிரியா இருக்கு?"

"பின்னால ஒருத்தவுக அழுதுக்கிட்டே இருக்காகளே, டீச்சர். மொதல்லயிருந்து கடைசி வரைக்கும். ஒங்களுக்கு எடஞ்சல் வந்துரக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு அழுகுறாக. அன்னைக்கு அந்தப் பக்கத்த வாசிச்சது அவுகதானே?"

 வாசிக்கிற பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கியவளைப் போல அவமானத்தில் கூசிப்போனாள் பெல்சி.

"இதோட பாடமெல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றாள் சிவரஞ்சனி. "இனி அவுக எதை வாசிப்பாக, டீச்சர்?"