நெல்லுக்குப் பொருத்தம் பார்த்தவன்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி வயலில் எனக்கு வேலை. நெல்லுக்குப் பொருத்தம் பார்க்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்களுக்குச் சட்டென்று புரிகிறது. எந்த ரகத்தோடு எந்த ரகத்தைச் சேர்த்தால் பிள்ளை பெற்றோரை மிஞ்சி வளரும் என்பதை, நட்டுப் பார்க்கும் முன்பே, இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை வைத்துச் சொல்ல வேண்டும். அதில் மார்க்கர்கள் என்று சில அடையாளங்கள் உண்டு. அவற்றில் பெற்றோர் எவ்வளவு விலகியிருக்கிறார்களோ, பெரும்பாலும் அவ்வளவு வீரியம். அந்தப் ‘பெரும்பாலும்’தான் என்னைப் படுத்தி எடுப்பது.

இதை நடவுக் குழுவின் தலைவியிடம் ஒருநாள் பெருமையாக விளக்கினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தூரத்து சம்பந்தம்தான் நல்லதுன்னா, நீங்க ஏன் சார் மாமா பொண்ணக் கட்டுனீங்க?” என்றார். அப்போது எங்களுக்கு மார்க்கர் வசதி இல்லை என்று சமாளித்தேன்.

போன சம்பாதான் எங்கள் திட்டத்துக்குக் கடைசிப் போகம். இருபது கலப்புகள், கலப்புக்கு ஒரு பாத்தி. எது முந்தும், எது பிந்தும் என்று கணினி போட்ட வரிசையை முன்கூட்டியே தலைமை விஞ்ஞானியிடம் கொடுத்தாயிற்று. வயல் அதை ஓரளவாவது ஒப்புக்கொண்டால் வேலை தொடரும். இல்லாவிட்டால் ஆய்வகத்தைக் காலி செய்துவிட்டு நான் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும்.

நடவன்று, ஒப்பிட எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதால், ஊன்றும் ஒவ்வொரு குத்துக்கும் ஒரே நாற்றுதான் வைக்க வேண்டும் என்று பத்து முறை சொன்னேன். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே விட்ட இரண்டடி இடைவெளி காலியாகவே கிடக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாதா என்ன என்ற எண்ணம். எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிவரக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது வயல் ஒரே பச்சை. மிச்ச நாற்றையெல்லாம் இடைவெளிகளில் நட்டிருந்தார்கள். எல்லை காட்டிய முளைக்குச்சிகள் காலில் குத்துகின்றன என்று பிடுங்கி வரப்பில் அழகாக அடுக்கியும் வைத்திருந்தார்கள்.

“தண்ணி நிக்கிற நெலத்த எப்படி சார் சும்மா போடுறது? மனசு வரல” என்றார் தலைவி.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை. எந்த நாற்று எந்தப் பாத்தியுடையது என்று தெரியாவிட்டால் சோதனையே இல்லை. மறுநாள் காலை கத்தரிக்கோலும் ஐஸ் பெட்டியுமாக இறங்கினேன். குத்துக்கு ஓர் இலை வெட்டி டி.என்.ஏ. பார்த்துப் பிரிக்கலாம் என்று திட்டம். எத்தனை ஆயிரம் குத்து என்று எண்ணிப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் ஒரு பாத்திகூட முடியவில்லை, இடுப்பு முடிந்துவிட்டது.

பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த தலைவி வரப்பேறி வந்து, என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். குனிந்து இரண்டு குத்துகளைத் தொட்டுக் காட்டினார்.

“உங்களுக்கு நட்டது ஒத்த நாத்து. நீங்கதான சொன்னீங்க? சந்துல நட்டது எங்க பழக்கத்துக்கு, மூணு நாலா கொத்தா இருக்கு. கண்ணுக்குத் தெரியலையா சார்?”

அப்புறம்தான் தெரிந்தது. வயல் முழுக்கத் தெரிந்தது. முனைவர் பட்டம் வாங்கிய கண்கள் இரண்டும் அதுவரை ஐஸ் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கின்றன. குழுவே வந்து கொத்தாக இருந்தவற்றைப் பிடுங்கி, குச்சிகளைத் திரும்ப ஊன்றிக் கொடுத்தது. மனம் கேளாமல் ஒரு பிடி இலையை ஆய்வகத்தில் சோதித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அறுப்பில், நான் முதலிடம் கொடுத்த கலப்பு மூன்றாவதாக வந்தது. முதல் ஐந்தில் நான்கு என் பட்டியலின் முதல் ஐந்திலேயே இருந்தவை. போதும், தொடருங்கள் என்றார் தலைமை விஞ்ஞானி.

மிச்சம் ஒன்று மட்டும், நான் கடைசி இடத்தில் எழுதியது, இரண்டாவதாக வந்து நின்றது. அதை எடை போடும் முன்பே, கதிர்க்கட்டைத் தலையில் தூக்கி வந்த தலைவி சொல்லிவிட்டார்:

“இது கனக்குது சார். பட்டியல ஒருதடவ பாத்துக்குங்க.”