பின்னால் போக ஒரு வழி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவு செய்த வண்டியில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யக்கூடாது. இதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் பிரிவை வைத்துத்தான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் சம்பளம் வாங்கினேன்.

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி வெயிலில், திருச்சுழியில் நடந்தது இது. ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். நெடும்பயணத்துக்கென்றே செய்த வண்டி. முன்னூறு கிலோவுக்கு மேல் எடை. பின் இருக்கைக்குச் சாய்மானம் உண்டு. என் மனைவி அதைச் சிம்மாசனம் என்பாள். அதில் தனுஷ்கோடி போனோம், மூணாறு போனோம். எங்கும் போகாத ஞாயிறுகளில், நரிக்குடிப் பக்கம் கண்மாய்க் கரையில் நிறுத்தி எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். தண்ணீர் கிடந்த வருடமும் போனோம், வெடித்துக் கிடந்த வருடமும் போனோம். இப்போது நினைத்தால் மூணாறு மங்கலாகத்தான் தெரிகிறது. அந்தக் கரைதான் நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசல், தெருவிலிருந்து சரிந்து இறங்கும். வண்டி உள்ளே போய்விடும். வெளியே எடுக்க, மேட்டில் பின்னோக்கித் தள்ள வேண்டும். மனைவி முன்விளக்கைப் பிடித்துத் தள்ளுவாள், பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பின்னாலிருந்து இழுப்பார். ஒருநாள் மூவரும் வண்டியோடு சாய்ந்தோம்.

"தைக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க. இல்ல, வித்துருங்க" என்றாள் மனைவி. அப்பீலுக்கு இடமில்லாத உத்தரவு.

திருச்சுழியில் லோடு ஆட்டோக்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருப்பதாகத் தறிக்காரர்தான் சொன்னார். எல்லாருக்கும் அவர் 'பாய்'. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவர். தொடையில் கையை ஊன்றி ஊன்றி என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ரிவர்ஸ் கியர்தான சார்? ரெண்டு நா வேலை. ஆனா பேப்பரு வேணும்."

"நான் அந்த ஆபீஸ்லதான்யா வேலை பார்த்தேன்."

"அப்ப உங்களுக்கே தெரியும்ல? எழுத்துல வாங்கிட்டு வாங்க. நான் பட்டுட்டேன் சார்."

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். பதினாறு வருடத்துக்கு முந்தைய மனு. தன்னுடைய மூன்று சக்கர ஸ்கூட்டரைக் காலால் உந்திப் பின்னால் தள்ள முடியவில்லை, ரிவர்ஸ் கியர் பொருத்த அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'தயாரிப்பாளர் சான்று இணைக்கப்படவில்லை. மனுவைத் திருப்பலாம்.'

என் கையெழுத்து.

"மூணு தடவ அலைஞ்சேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பரு கொறையும். அப்புறம் நானே மாட்டிக்கிட்டேன். இந்த ஊருக்குள்ளயே ஓட்டுறேன். செக்கிங்ல மாட்டுனா வண்டிய எடுத்துருவாகளேன்னு டவுனு தாண்டுனதில்ல. காரியாபட்டில மக வீடு. பஸ்ஸு மாறி மாறித்தான் போறேன்."

அனுமதி கேட்க வேண்டும் என்கிறது விதி. அவர் கேட்டிருக்கிறார். கேட்டவரைத் திருப்பி அனுப்பச் சொல்லி எந்த விதியும் இல்லை. அந்தச் சான்றை எந்தக் கம்பெனியும் தராது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

டீ வந்தது. குடித்து முடித்தேன். கிளம்பிவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் முழங்கால் வலியோடு எழுந்தவனால் அவருடைய காலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"பாய், அதை எழுதினது நான்தான்."

காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அட, நீங்கதானா அவுக! எழுத்து முத்து முத்தா இருக்கேன்னுதான் சார் கிழிக்காம வச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே இரண்டு மனுக்கள் எழுதினேன், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவருடையதில் மருத்துவச் சான்று, வரைபடம், நான்கு பக்கமும் எடுத்த புகைப்படம், பிரிவு வாரியாக விளக்கம் எல்லாம் வைத்தேன். என் சர்வீஸில் நான் மறுத்திருக்கக்கூடிய எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாக அடைத்தேன். என்னைவிட அந்த ஓட்டைகள் யாருக்குத் தெரியும்? பதிவுத் தபால், முப்பதாம் நாள் நினைவூட்டு, அறுபதாம் நாள் இரண்டாம் நினைவூட்டு. எனக்கும் ஒரு காலத்தில் இப்படிக் கட்டுக் கட்டாக வந்திருக்கின்றன, அடியில் வைத்துவிடுவேன்.

மார்கழி முடியப்போனது. பதில் இல்லை. வண்டியை விற்கப்போகிறேன் என்று பாய்க்குச் சொன்னேன். மறுநாள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு வட்ட இரும்புத் தகடும், பழைய லாரிச் சக்கரத்தின் பேரிங்கும். வாசலுக்குள் குழி தோண்டித் தரை மட்டத்துக்குப் பதித்தார்.

"ஏத்தி நிப்பாட்டுங்க. இப்ப ஒத்தக் கையால தள்ளுங்க."

முன்னூறு கிலோ சத்தமில்லாமல் சுழன்று தெருவைப் பார்த்து நின்றது.

"இதுக்குப் பெர்மிசன்?" என்றேன், பழக்கதோஷத்தில்.

"வண்டில நான் கையே வைக்கல சார். தரையிலதான வச்சேன்? உங்க சட்டம் தரைக்கும் உண்டா?"

மனைவி வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

என்னுடைய மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை, கேட்பதையும் விட்டுவிட்டேன். பாய் தன் ஸ்கூட்டரிலேயே காரியாபட்டிக்குப் போய், மகள் வீட்டு வாசலில் வண்டியில் இருந்தபடியே எனக்குப் போன் பண்ணினார். பின்னால் ரிவர்ஸ் கியர் போடும் சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டவன் நான், அதில் ஒன்றுகூட நினைவில்லை. அவருக்கு அனுமதி வந்த மாசி ஏழாம் தேதியை மட்டும் மறக்க முடியவில்லை.